வாணாம்

செங்கல்பட்டு
12-6-2005

அன்புள்ள ஆனந்தனுக்கு அக்கா பிரபா எழுதுவது.

இங்கே நானும் நைனாவும் சுகம். நைனாவின் முட்டி மட்டும் சுகமில்லை. உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். போனில் எப்போதும் "நல்லா இருக்கேன்" என்று ஒரே குரலில் சொல்கிறாய்.

எழுதக் காரணம் இருக்கிறது. நைனா கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் பஸ் மாமல்லபுரம் போய்ச் சேரும்வரை பயணிகளிடம் உன்னைப் பற்றிப் பேசுவார். இப்போது எல்லப்பன் டீக்கடையில் பேசுகிறார். நேற்று பால் வாங்கப் போனபோது என் காதால் கேட்டேன்.

"உம் புள்ள ஜெர்மனில இன்னா வேல செய்யறான் அண்ணாத்த?"

"அணு ஆராய்ச்சி."

"அணுவா? அத்தத்தான் இங்க கல்பாக்கத்துலயே செய்யறாங்களே. இதுக்குப் போயி ஏரோப்ளேன் ஏறணுமா?"

"அது சூடான அணுடா. இவன்து ஜில்லுனு கீற அணு."

கடையே சிரித்தது. நைனாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாக என்னிடம் கேட்டார். "ஏம்மே, ஜில்லுனா எவ்ளோ ஜில்லு?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஸ்டேஷன் பக்கத்து லேபில் ரத்தம் பரிசோதிக்கிற எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் நைனாவுக்குச் சொல்வேன். நைனா ஊருக்குச் சொல்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பிரபா


ஜெர்மனி
3-7-2005

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். நைனாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு விடாதே, எக்ஸ்ரே எடுத்துப் பார்.

எவ்வளவு ஜில்லு என்றால்: ஐஸுக்குக் கீழே இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி. அதற்குக் கீழே குளிர் என்பதே இல்லை. அதுதான் தரை. அந்தத் தரைக்கு மேலே, ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு உயரத்தில் நாங்கள் இருக்கிறோம்.

காற்று இல்லாத கண்ணாடிப் பெட்டி. உள்ளே லித்தியம் அணுக்களின் மேகம். எள்ளைவிடச் சிறியது. வெளிச்சத்தால் பிடித்து வைத்திருக்கிறோம். அணுக்களில் இரண்டு வகை. அந்தக் குளிரில் இந்த வகையில் ஒன்றும் அந்த வகையில் ஒன்றும் ஜோடி சேரும். சேர்ந்துவிட்டால் மேகம் உராய்வே இல்லாமல் ஓடும். கலக்கிவிட்டால் சுழல் நிற்காது. மீப்பாய்மம் என்று பெயர்.

இது மற்றவர்கள் செய்து முடித்தது. எங்கள் கேள்வி வேறு. ஒரு வகையில் அணுக்கள் அதிகமாக இருந்தால்? ஜோடி கிடைக்காதவை என்ன செய்யும்?

பெரும்பாலும் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்பு சிலர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு விசித்திர நிலையில் ஜோடிகள் கோடு கோடாக நிற்கும். கோடுகளுக்கு நடுவே ஒற்றைகளுக்கும் இடம் இருக்கும். இதுவரை யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பது என்றால் படம் எடுப்பது. மேகத்தின் நிழலைக் கேமரா பிடிக்கும். எடுத்ததும் மேகம் அழிந்துவிடும். இருபது விநாடியில் இன்னொரு மேகம்.

என் ஒப்பந்தம் மார்ச் வரை. கோடுகள் தெரிந்தால் இங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும். தெரியாவிட்டால், தெரியாது.

நைனாவைக் கேட்டதாகச் சொல்.

ஆனந்தன்


செங்கல்பட்டு
14-7-2005

அன்புள்ள ஆனந்தா,

நாங்கள் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் சரோஜா மகள் கல்யாணம். போனேன். பந்தியில் புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். என்னிடம் வந்து, "நீ ஒண்டியா? அப்ப அந்தாண்ட போய்க்கோ" என்றார்கள். கடைசி இலை. அதற்கு அப்பால் கை கழுவும் குழாய். முப்பத்தெட்டு வயதில் ஒற்றையாக இருக்கிற பெண் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதே இலைதான். இதற்கு ஜெர்மனி வரை போய்ப் படம் எடுக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஆனால் கோடுகள் தெரிந்தால் கட்டாயம் எழுது. ஒற்றைக்கு நடுவில் இடம் விடுகிற பந்தியை நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. எங்கள் மைக்ராஸ்கோப்பில் கோடு தெரிந்தால் நாங்கள் முதலில் லென்ஸைத் துடைப்போம். உங்களுடையது பெரிய மெஷின், அப்படியெல்லாம் இருக்காது.

நைனாவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். தேய்மானம். பல வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்.

பதில் போடு.

பிரபா


2-10-2005
(எழுதியது. அனுப்பவில்லை.)

அக்கா,

கோடுகள் தெரிந்தன. ஜூலை முதல் வாரம், உன் கடிதம் வருவதற்கு முன்பே.

இருநூற்று ஐம்பத்தொரு படம். முப்பத்தேழில் கோடுகள். மற்றவற்றில் இல்லை. கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் திறந்தேன். பெயர் யோசிக்கவில்லை. கை தானாக அடித்தது. VENUM. VANAM.

சின்ன வயதில் நாம் வைத்திருந்த இரண்டு தகர டப்பாக்கள். மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் தீப்பெட்டிகள். படம் நன்றாக இருந்தால் வேணும். கிழிந்திருந்தால் வாணாம். நைனாவுக்குத் தெரியக் கூடாது என்று மூடியில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினோம்.

இந்த இருநூற்றுப் பதினாலும் கிழிந்தவை என்று எனக்கு எப்படித் தெரிந்தது? கோடு இல்லை. அதனால் கிழிந்தவை. அவ்வளவுதான் காரணம்.

முப்பத்தேழை வைத்துக் கட்டுரை எழுதினோம். மற்றவை கருவி சரியாக இல்லாதபோது எடுத்தவை என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

கட்டுரை போய்ப் பத்து நாள் கழித்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். லென்ஸைத் துடைப்போம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்தேன். இப்போது படத்தில் மேகம் சாய்ந்து தெரிய வேண்டும். அதன்மேல் இருக்கும் கோடுகளும் கூடவே சாய வேண்டும்.

மேகம் சாய்ந்தது. கோடுகள் சாயவில்லை.

கோடுகள் மேகத்தில் இல்லை. கேமராவின் முன்கண்ணாடியில் இருக்கின்றன. பக்கத்தில் பம்ப் அதிரும்போது மட்டும் விழுகின்றன.

கேமராவை நிமிர்த்தினேன். குறிப்பேட்டில் எழுதவில்லை. கை கழுவினேன். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அது செப்டம்பர் ஐந்து. இன்று அக்டோபர் இரண்டு.


ஜெர்மனி
4-10-2005

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை. உடம்பு நன்றாக இருக்கிறது.

கோடுகள் தெரிந்தன. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். நைனாவிடம் சொல்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

ஆனந்தன்


செங்கல்பட்டு
5-11-2005

எங்கள் ஆனந்தனுக்கு,

இரண்டு பேரும் சுகம். தீபாவளிக்கு முன்பு பெய்த மழையில் கொளவாய் ஏரி நிரம்பி வழிந்தது. பின்கட்டு ஒழுகுகிறது. ஆனால் நைனாவின் கால் தரையில் இல்லை. முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

உன் நான்கு வரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீ படித்த பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். தலைமையாசிரியர் வெங்கடராகவன் சார் குடியரசு தினத்தன்று விழா வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராக பேனர் அடிக்கிற கேசவன் கடை. நானும் கூடப் போனேன். உன் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்துவிட்டு கேசவன் கேட்டான்.

"சிரிக்கிற போட்டோ ஒண்ணும் இல்லியா நைனா?"

"அவன் சிரிக்க மாட்டான்பா. சைன்டிஸ்ட்டு."

"சரி வுடு. எழுத்துல சிரிக்க வெச்சிடலாம். இன்னா கண்டுபுட்ச்சாரு?"

"கோடு."

கேசவன் பென்சிலைச் சீவினான். பிறகு எழுதிக் காட்டினான்: "கோடு கண்ட கோமகனே, வருக!"

இருபது அடிக்குப் பத்து அடி. அவ்வளவு பெரிய உன் முகத்தை நான் பார்த்ததில்லை. மூக்கின் மேல் அம்மை வடுகூடத் தெரிகிறது.

ஜனவரியில் வர முடியுமா? வருவாய் என்று நைனா எல்லோரிடமும் சொல்லிக்கினு இருக்கிறார். பார், பேசுகிற மாதிரியே எழுதிவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கோடுகளைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது?

பிரபா


ஜெர்மனி
27-11-2005

அன்புள்ள அக்கா,

நலம். ஜனவரியில் வர முடியாது. கருவியை விட்டு நகர முடியாத நேரம். நைனாவிடம் பக்குவமாகச் சொல். விழாவும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா பார். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை.

எங்கள் பல்கலைக்கழகப் பத்திரிகையில் வந்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் நானும் கம்ப்யூட்டரும்.

ஒரு வேடிக்கை. லேனா என்று ஒரு மாணவி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கோடு இல்லாத படங்களைப் போட்டு வைத்திருக்கும் ஃபோல்டரைக் காட்டி, VANAM என்றால் என்ன என்று கேட்டாள். வானம் என்று சொன்னேன். மேகங்களை வைக்கிற இடம் வானம்தானே என்று சந்தோஷப்பட்டாள். இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு படம் சரியில்லை என்றால் "வானத்துக்கு அனுப்பு" என்கிறார்கள். பேராசிரியர் ஒரு கூட்டத்தில்கூடச் சொன்னாராம், எவ்வளவு அழகான மொழி என்று. பத்திரிகையில் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதும் அதுதான்.

நீ கேட்டது. கோடுகளைப் பார்த்தபோது நன்றாக இருந்தது.

ஆனந்தன்


செங்கல்பட்டு
29-1-2006

அன்புள்ள ஆனந்தா,

சுகம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய பக்கம் டிசம்பர் பத்தாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. வேலை என்று சொல்ல மாட்டேன்.

நைனா உன் முகத்தைப் பார்த்தார். நான் உன் தோளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப் போய் லென்ஸ் வைத்துப் படித்தேன். VANAM, 214. அதற்கு மேல் வரியில் VENUM, 37.

அது வானம் இல்லை.

டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன். மூடியில் உன் எழுத்து. இந்தப் பூமியில் அந்தச் சொல்லைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியிடமே நீ வானம் என்று எழுதியிருக்கிறாய்.

இருநூற்றுப் பதினாலையும் ஏன் வாணாம் என்றாய்? அவற்றில் என்ன தப்பு?

இது தெரிந்த பிறகும் நான் விழாவை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். நைனா வேட்டிக்குக் கஞ்சி போட்டு உலர்த்தியிருந்தார். என்னால் முடியவில்லை. உனக்குப் பதிலாக அவரை மேடையில் ஏற்றினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் புள்ளக்கி நான் ஒண்ணும் சொல்லித் தர்ல. டிக்கெட்டு கிழிக்கிறவனுக்கு இன்னா தெரியும்? சின்னதுல எங்கூட வண்டில வருவான். ஒண்ணே ஒண்ணு சொன்னேன். வண்டில எத்தினி தல கீதோ அத்தினியும் எண்ணுடா. புட்ச்ச தல, புடிக்காத தலன்னு பாக்காத. ஒண்ண வுட்டாலும் எண்ணுனதே பொய்யி. அத்தப் புட்ச்சிக்கினுதான் அவன் இம்மாந்தூரம் போய்க்கிறான்."

கை தட்டினார்கள். பின்னால் இருபது அடியில் நீ. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. போன வருடம் நெம்மேலியில், சுனாமிக்குப் பிறகு போட்ட கொட்டகையில் இருந்த சந்திரம்மா என்கிற பெண்ணின் ரத்தத்தைப் பார்த்து மலேரியா என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, நான் பார்த்தது கிருமி இல்லை. சாய பாட்டிலில் கட்டிய பொடி. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. போய்ச் சொன்னேன். "அதான் மாத்தர அவ்ளோ கசப்பா இருந்துச்சா? நீ எழுதிக் குடுத்த நாள்லேர்ந்து முழுங்கினு கீறேனே. சரி, குந்து, நாஸ்தா துன்னியா?" என்றாள். அவள் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. நானும் இரண்டு நாள் சும்மா இருந்தவள்தான்.

நைனா சுகம். நான் சுகம். நீ?

பிரபா


ஜெர்மனி
5-3-2006

அக்கா,

நான் சுகமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்து இருபது நாள் பையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னது போன திங்கட்கிழமை.

உன் கடிதத்தால் சொன்னேன் என்று எழுத ஆசை. உண்மை அது இல்லை. லேனா மூன்று மாதமாகக் கோடுகளைத் திரும்பக் கொண்டுவர முயன்றாள். பம்பை நவம்பரிலேயே மாற்றிவிட்டார்கள். அவளுக்கு ஒரு கோடுகூட விழவில்லை. எடுத்த படம் எல்லாவற்றையும் வானத்துக்கு அனுப்பினாள். எல்லாம் சரியான படங்கள். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, என் கையில்தான் ஏதோ குறை, படிப்பை விட்டுவிடுகிறேன், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள் என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். பலகையில் தமிழில் இரண்டு சொல் எழுதினேன். இது வானம். இது வாணாம். உங்கள் எழுத்தில் இரண்டும் ஒன்று. இரண்டாவதுக்கு அர்த்தம், எனக்கு வேண்டாதது. பிறகு கேமராவைச் சாய்த்துக் காட்டினேன்.

பேராசிரியர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை முதலில் எப்போது சாய்த்துப் பார்த்தாய்?"

கண்ணாடியில் விழுந்த கோடு யாருக்கும் நேரக்கூடிய பிழை. அதற்கு அவரே எனக்குச் சமாதானம் சொல்லியிருப்பார். தேதிக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. செப்டம்பர் ஐந்து என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். லேனா எழுந்து வெளியே போனாள். இன்றுவரை என்னிடம் பேசவில்லை. படிப்பை விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலை இல்லை.

போகும் முன் இருநூற்று ஐம்பத்தொன்றையும் எண்ணினேன். கண்ணாடிக் கோடுகளைக் கழித்துவிட்டால் எல்லாப் படமும் ஒன்றையே சொல்கின்றன. ஜோடிகள் நடுவில். ஒற்றைகள் ஓரத்தில். நீ ஜூலையில் எழுதியதுதான். இதை வேறு இரண்டு இடங்களில் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

நைனாவிடம் நீயே சொல். இல்லை, சொல்லாதே. இல்லை, சொல். நான் அங்கே வர மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்து வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அக்டோபரில் எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று இதோடு இருக்கிறது.

ஆனந்தன்


செங்கல்பட்டு
21-5-2006

அன்புள்ள ஆனந்தா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அக்டோபரில் அனுப்பாததைத்தான் முதலில் படித்தேன்.

நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை, பம்ப் உட்பட. தேதி வந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் "படி" என்றார். முடித்ததும் கேட்டார்.

"மொத்தம் எத்தினி படம்?"

"எரநூத்தி அம்பத்தொண்ணு."

"இப்ப அத்தினியும் எண்ணிட்டானா?"

"எண்ணிட்டான்."

சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. வெங்கடராகவன் சாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது தோளில் பேனர் சுருட்டி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. எல்லப்பனே வீட்டுக்கு வந்துவிட்டான். "இன்னா அண்ணாத்த, ஜில்லுனு கீற அணு இன்னா சொல்லுது?" என்றான். நைனா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கொண்டுவந்த டீயை வைத்துவிட்டுப் போனான்.

பின்கட்டு ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேனே, கீற்று மக்கிப்போய்விட்டது. போன வாரம் நைனா எல்லாக் கீற்றையும் பிரித்துப் போட்டார். மூங்கில் மேலே பேனரை விரித்து நான்கு மூலையும் கட்டினார். எழுத்து ஊருக்குத் தெரியக் கூடாது. அதனால் வெள்ளைப் பக்கம் வெளியே. நீ உள்பக்கம். அடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேதான் படுக்கிறார். மல்லாந்து படுத்தால் நேர் மேலே உன் மூக்கு, அம்மை வடு, "கோடு கண்ட" வரை. "கோமகனே" சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நேற்று மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றும் சேர்ந்தது. பேனர் பறந்துவிடும் என்று ஓடினேன். அவர் அசையாமல் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உன் முகத்தின் மேல் தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து கேட்டேன்.

"நைனா, அவன வரச் சொல்லி எழுதட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒழுவல பாரு."

பிரபா